கடைசியாகக் கை வைத்தது யார்?

அண்ணி,

இன்று காலை ஏழு மணிக்கு அண்ணன் போன் செய்தார். நலம் விசாரிக்கவில்லை, சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. "வசந்தா, கார் ஸ்டார்ட் ஆகல. அந்தப் பல்ப எடுத்துக்கிட்டு வா" என்றார்.

எந்தப் பல்பு என்று நானும் கேட்கவில்லை. என் அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் இருக்கிறது. சுண்டுவிரல் நுனி அளவு பல்பு, அதிலிருந்து இரண்டு ஒயர், ஒவ்வொரு ஒயரின் முனையிலும் ஓர் ஆணி. ஆணிகளை நீங்கள்தான் ஈயம் வைத்துப் பற்றவைத்தீர்கள். இத்தனை வருஷத்தில் பல்பை மூன்று முறை மாற்றியிருக்கிறேன். உங்கள் பற்றவைப்பு மட்டும் அப்படியே நிற்கிறது.

"லைட் எரியுதாண்ணே?" என்று கேட்டேன்.

"எரியல. ஹார்ன் கூட அடிக்கல. செத்த மாதிரி கிடக்கு லா."

சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினார். உங்களுடைய பதினாறாம் நாள் காரியம் முடிந்து பத்து நாள்தான் ஆகிறது. செத்த மாதிரி என்ற வார்த்தையை அவரே எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. "ஒண்ணுமே எரியலன்னா பெரிய கோளாறா இருக்காது. பயப்படாதீங்க, வர்றேன்" என்று சொல்லி, ராவாங்கிலிருந்து கோலசிலாங்கூரில் உங்கள் வீட்டுக்குப் புறப்பட்டேன். டின் என் பக்கத்து இருக்கையில் ஆடிக்கொண்டே வந்தது. வழி நெடுக உங்களோடு பேசிக்கொண்டுதான் ஓட்டினேன். பேசியதை எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

உங்களை நாங்கள் யாரும் முதலில் மதிக்கவில்லை, அண்ணி. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை, நீங்களே பல முறை சொல்லிக் காட்டிச் சிரித்ததுதான். என்னைவிட நாலு மாதம் சின்னவர். ஆனால் அண்ணனைக் கட்டியதால் எனக்கு அண்ணி. நான் உங்களை நீங்க என்பேன், நீங்கள் என்னை நீ என்பீர்கள். கல்யாணத்துக்கு முன்னால் சுங்கைவேயில் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் ஐந்து வருஷம் வேலை செய்தவர் என்று தெரியும். என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. பெண்பிள்ளைகள் தொப்பி போட்டுக்கொண்டு வரிசையாக உட்கார்ந்து ஏதோ செய்வார்கள், அவ்வளவுதான் எங்கள் நினைப்பு. வந்த மூன்று மாதமாக நீங்கள் சோறு வடிப்பதையும் துணி துவைப்பதையும் மட்டுமே நாங்கள் பார்த்தோம்.

எங்கள் வீட்டுப் பெரிய சொத்து அந்தக் கார். தோட்டத்து லோரி டிரைவராக இருந்த அப்பா, வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் போன தோட்டத்து ஆபீஸ் பெரிய கிராணியிடம் வாங்கியது. வெள்ளைக்கார துரைகள் காலத்து வண்டி, முட்டைப் பச்சை நிறம். சாவியைத் திருப்பிவிட்டு, டேஷ்போர்டில் இருக்கும் பிடியைப் பிடித்து இழுத்தால்தான் ஸ்டார்ட் ஆகும். அப்பா போன பிறகு அதை நான் ஓட்டினேன். எட்டு மாதம் ஒரு நாள் கூட மக்கர் பண்ணவில்லை.

அதை வைத்துத்தான் எனக்கு வேலை. பதினோரு கட்டை தூரம் தள்ளி இன்னொரு தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் தற்காலிக ஆசிரியை. பள்ளி ஏழரைக்குத் தொடங்கும். முதல் பஸ் அந்தப் பக்கம் எட்டே காலுக்குத்தான் போகும். அந்த வருஷக் கடைசியில் தலைமையாசிரியர் எனக்காக ஒரு சிபாரிசுக் கடிதம் எழுதினால்தான் பயிற்சிக் கல்லூரிக்கு மனுப்போட முடியும். எழுதாவிட்டால் ஜனவரியில் என் இடத்தில் வேறு ஆள். நான் மறுபடி தோட்டத்து லயத்து வீட்டுக்குள் உட்கார வேண்டியதுதான். இருபத்து மூன்று வயதில் எனக்கு வேறு கனவே கிடையாது.

ஆயுத பூஜை அந்த வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. தோட்டம் முழுக்கக் கத்தி, மண்வெட்டி, சைக்கிள், செம்பனைக் குலை அறுக்கும் அரிவாள் எல்லாவற்றுக்கும் குளியல். என் காரை நானே கழுவினேன். மேலே மட்டும் கழுவி மினுக்குவதெல்லாம் ஆம்பிளைகள் வேலை, நான் உள்ளேயும் கழுவுவேன் என்று ஒரு மிதப்பு. பானட்டைத் திறந்து துடைத்தேன். வேலையெல்லாம் மிகச் சரியாகச் செய்தேன் என்ற நிம்மதியோடு மத்தியானம் வடை தின்றேன்.

திங்கட்கிழமை காலை பிடியை இழுத்தேன். கார் ஒரு முனகல் முனகிவிட்டு அடங்கிப் போனது.

அண்ணன் தோட்டத்து வேனைக் கொண்டுவந்து, அதன் பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்தார். இழுத்தவுடன் ஸ்டார்ட் ஆனது. "பேட்டரி போச்சி" என்று தீர்ப்புச் சொன்னார். சாயந்திரம் காரைப் பசார் பக்கத்துப் பட்டறைக்குக் கொண்டு போனோம். பட்டறைக்காரர் சார்ஜ் ஏற்றி, மீட்டர் வைத்துப் பார்த்து, "பேட்டரி நல்லா இருக்கு. ஸ்டார்ட்டர் மோட்டார்தான் போச்சு. இந்தக் காருக்கு இப்ப சாமான் கிடைக்காது லா" என்றார். அன்றிலிருந்து தள்ளு ஸ்டார்ட்தான். தள்ளினால் ஓடும், நிறுத்தினால் தீர்ந்தது. இறக்கத்தில் நிறுத்தலாம் என்றால் எங்கள் பக்கம் கடலோரத்துத் தட்டை நிலம். ஒரு கோலிக்குண்டைக் கூட உருட்டிவிட முடியாது.

காலையில் தள்ள லயத்து ஆண்கள் நாலு பேர். பள்ளி விட்டதும் தள்ள ஆறாம் வகுப்பு. "டீச்சர் கார் தள்ளப் போறோம்" என்று பையன்கள் அதற்கு வரிசை கட்டி நின்றார்கள். ஆள் கிடைத்துத் தள்ளிப் புறப்படுவதற்குள் மூன்று நாள் தாமதம். தலைமையாசிரியர் வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்த்தார். "இது பள்ளிக்கூடமா, பட்டறையா, டீச்சர்? நான் கடிதாசியில என்னன்னு எழுதறது?" என்று கேட்டார். திட்டியிருந்தால் கூடத் தாங்கியிருப்பேன். வருத்தமாகக் கேட்டார்.

வியாழக்கிழமை சாயந்திரம் வீட்டுக்கு வந்தால், அண்ணன் சாப்பிட உட்கார்ந்தபடியே சொன்னார். சுங்கை சோவிலிருந்து பழைய கார் வாங்குகிற ஆள் சனிக்கிழமை வருகிறானாம். "ரோட்டுல எங்கயாவது நின்னுச்சின்னா நீ தனியா என்ன செய்வ? செம்பனைக்கு நடுவுல ஒரு குஞ்சு குருவி இருக்காது. வித்துடுவோம்."

என் கோபம் உங்களுக்குத் தெரியும். அடுப்பில் வைத்த பாலைப் போல, பார்த்துக்கொண்டிருக்கும்போதே பொங்கி வழியும். "கார் தானா கெட்டுப்போகல. நீங்கதான் என்னமோ பண்ணிட்டீங்க" என்று கத்தினேன். "நான் படிச்சி மேல போறது உங்களுக்குப் பிடிக்கல. அதான் கை வெச்சிட்டீங்க!"

அண்ணன் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து கை கழுவினார். நீங்கள் அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனீர்கள். என்னை ஒரு பார்வை கூடப் பார்க்கவில்லை. சொன்னது அதிகம் என்று எனக்கு அப்போதே தெரியும். ஆனாலும் மனத்துக்குள் அது சரியென்றுதான் அடம்பிடித்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பள்ளியிலிருந்து வந்து, இன்ஜினை ஓடவிட்டபடியே வாசலில் நிறுத்தினேன். அண்ணன் எண்ணெய் ஆலையில் ஷிப்டில் இருந்தார். நீங்கள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தீர்கள்.

"இன்ஜின நிறுத்து."

"நிறுத்தினா யாரு அண்ணி தள்ளுறது?"

"தள்ள வேணாம். நிறுத்து."

அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. நிறுத்தினேன். நீங்கள் காரைத் தொடவே இல்லை. சும்மா நின்று யோசித்தீர்கள். "வேன் பேட்டரி கொடுத்தா ஸ்டார்ட் ஆகுது. அப்போ மோட்டார் நல்லா இருக்கு. பட்டறையில பேட்டரி நல்லா இருக்குன்னுட்டாங்க. ரெண்டும் நல்லா இருக்குன்னா, ரெண்டுக்கும் நடுவுலதான் என்னமோ இருக்கு."

நாலு நாளாக ஆலை ஆட்களும் பட்டறையும் லயமும் கூடிப் பேசிய விஷயம். யாருக்கும் இது தோன்றவில்லை.

"கடைசியா இதுல கை வெச்சது யாரு?" என்று கேட்டீர்கள். "தொழிற்சாலையில போர்டு வேலை செய்யலன்னா முதல்ல இதத்தான் கேப்பாங்க."

"அண்ணன்தான்" என்றேன், கொஞ்சமும் யோசிக்காமல்.

"அவரு கெட்டதுக்கு அப்புறம்தானே வந்தாரு. நல்லா ஓடினதுக்கும் ஓடாமப் போனதுக்கும் நடுவுல யாரு?"

"யாரும் இல்ல. பூசையன்னிக்கு நான் கழுவினேன். அவ்வளவுதான்."

நீங்கள் பின்பக்கம் போய் நம்பர் பிளேட்டுக்கு மேலிருந்த குட்டிப் பல்பைக் கழற்றினீர்கள். வீட்டுக்குள்ளிருந்து உங்கள் கல்யாணப் பெட்டியைக் கொண்டுவந்தீர்கள். சேலைகளுக்கு அடியில் பற்றவைக்கும் கோலும் ஈயக் கம்பியும் இருந்தன! பெண்கள் நகையை ஒளித்துவைக்கிற இடம் அது. பத்து நிமிஷத்தில் இந்தப் பல்பு தயாராகிவிட்டது.

முதலில் என்னை முன்விளக்கைப் போடச் சொன்னீர்கள். பளிச்சென்று எரிந்தது. பிடியை இழுக்கச் சொன்னீர்கள். விளக்கு மங்கிச் செத்தது. "பாரு, கொஞ்சம் கரண்டு கேட்டா கொடுக்குது. நிறைய கேட்டா எங்கயோ ஒரு இடத்துல அடைக்குது. அந்த இடத்தக் கண்டுபிடிக்கணும்." பிறகு விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டு, பானட்டுக்குள் குனிந்து, "இழு... விடு... இழு... விடு" என்று சொல்லிக்கொண்டே போனீர்கள். நான் உள்ளே உட்கார்ந்து இழுத்துக்கொண்டிருந்தேன். திறந்த பானட் மறைத்ததால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நடுவில் சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு, "வெளிய வா. நீ வந்து பிடி. நான் இழுக்கறேன்" என்றீர்கள்.

ஓர் ஆணியைப் பேட்டரியின் ஈயக் குமிழ் மேல் வைக்கச் சொன்னீர்கள். இன்னொன்றை அந்தக் குமிழைச் சுற்றிப் பிடித்திருக்கும் கவ்வியின் மேல். இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கிற உலோகம். நடுவில் ஒரு மயிரிழை கூட இடைவெளி தெரியவில்லை. "இது எரியக் கூடாத இடம். ரெண்டும் சரியா ஒட்டியிருந்தா பல்பு எரியாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பிடியை இழுத்தீர்கள்.

என் கையில் பல்பு எரிந்தது.

கூடவே ஒரு வாசம் வந்தது. சுடச்சுடச் சந்தனம்.

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது, அண்ணி. பூசை நாளில் நான் வெறுமனே கழுவவில்லை. என் சாமர்த்தியத்தைக் காட்ட இரண்டு கவ்விகளையும் கழற்றி, குமிழ்களைத் தேய்த்துத் துடைத்தேன். கார் ஓடுவதே இதனால்தானே, இதற்கு வைக்காமல் வேறு எதற்கு வைப்பது என்று, விபூதியில் சந்தனம் குழைத்து அந்தக் குமிழ்களுக்கு வழித்து வழித்துப் பூசினேன். அதன் மேலேயே கவ்வியை மாட்டி இறுக்கினேன். மேலே அழகாகக் குங்குமப் பொட்டும் வைத்தேன். உள்ளே காய்ந்த சந்தனம் சுவராக நின்றுவிட்டது. வேனிலிருந்து ஒயர் கொடுத்தபோது, கவ்வியின் மேல் மாட்டியதால் அந்தச் சுவரைத் தாண்டிக் கரண்டு போயிருக்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

நீங்கள் வந்து என் பக்கத்தில் நின்று முகர்ந்தீர்கள். உங்களுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தீர்கள், முடியவில்லை. "பேட்டரிக்கு அபிஷேகமே பண்ணியிருக்க" என்று சொல்லி அந்த மட்கார்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். நான் அழுதேன். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தது.

வெந்நீர் ஊற்றி, கத்தியால் சுரண்டி, உப்புத்தாள் போட்டு ஈயம் பளபளக்கும் வரைக்கும் தேய்த்தோம். கவ்வியை இறுக்கி, மேலே வேஸ்லின் தடவினீர்கள். ஓர் இழுப்பு. கார் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடத் தொடங்கியது.

"அண்ணி, அண்ணன்கிட்ட நீங்களே பேட்டரியில அழுக்குன்னு சொல்லிடுங்களேன்" என்று கெஞ்சினேன். நீங்கள் பெட்டியை மூடிக்கொண்டே சொன்னீர்கள். "கண்டுபிடிக்கிறது என் வேல. அது முடிஞ்சிருச்சி. சொல்றது உன் வேல."

ஐந்து மணிக்கு அண்ணன் வந்தார். செம்பனை எண்ணெய் வாடை அடிக்கும் சட்டையோடு வாசலில் நின்றவரிடம் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். மன்னிச்சிடுங்கண்ணே என்றும் சொன்னேன். அவர் பானட்டைத் திறந்து பார்த்தார். "அன்னைக்கே பார்த்தேன், பொட்டு வெச்சிருந்துச்சி. சாமிக்கு வெச்சத எப்படிக் கலைக்கிறதுன்னு விட்டுட்டேன்" என்றார். பட்டறைக்காரச் சீனரும் பொட்டைப் பார்த்து மரியாதையாக ஓரத்தில்தான் க்ளிப்பை மாட்டினாராம். எல்லாருடைய பக்தியும் சேர்ந்துதான் என் வேலைக்கு உலை வைக்கப் பார்த்திருக்கிறது.

பிறகு அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்து, "அப்போ நான் ஒண்ணும் பண்ணல, இல்ல?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி இன்றும் என்னைக் குத்துகிறது. ஒரே வீட்டில் வளர்ந்தவர், எனக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தவர், தான் குற்றம் செய்யவில்லை என்பதை என் வாயால் கேட்க வேண்டியிருந்தது. "இல்லண்ணே" என்றேன்.

மறுநாள் வந்த ஆளை அண்ணனே வாசலில் நிறுத்தினார். பிடியை ஓர் இழுப்பு இழுத்துக் காட்டி, "விக்கறதா இல்ல லா" என்று அனுப்பிவைத்தார். திங்கட்கிழமை ஏழு மணிக்கெல்லாம் நான் பள்ளியில் இருந்தேன். தலைமையாசிரியரிடமும் சந்தனக் கதையைச் சொன்னேன். அவர் சிரித்தாரா முறைத்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் கடிதம் எழுதினார். நான் கல்லூரிக்குப் போனபோது கார் உங்கள் கைக்கு வந்தது. முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் அதன் பானட்டை உங்களைத் தவிர வேறு யாரும் திறந்ததில்லை. அண்ணன் ஓட்டுவதோடு சரி.

நானும் தலைமையாசிரியையாகி ஓய்வும் பெற்றுவிட்டேன். எத்தனையோ பஞ்சாயத்துப் பார்த்தேன். பெற்றோர் ஆசிரியர் மேல் பாய்வார்கள், ஆசிரியர் பிள்ளை மேல் பாய்வார். நானும் பாயத்தான் கிளம்புவேன், இந்தப் புத்தி மாறவில்லை. ஆனால் வாயைத் திறக்கும் முன் உங்கள் கேள்வியை எனக்கு நானே கேட்டுக்கொள்வேன். கடைசியாகக் கை வைத்தது யார்? பாதிக்குப் பாதி அது நானாகத்தான் இருந்திருக்கிறேன்.

இன்று ஒன்பது மணிக்குக் கோலசிலாங்கூர் வீட்டை அடைந்தேன். அண்ணன் கார் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சவரம் செய்யவில்லை. "பேட்டரி போச்சின்னு நினைக்கிறேன்" என்றார், பழையபடியே.

"கடைசியா இதுல கை வெச்சது யாருண்ணே?"

அவர் தரையைப் பார்த்தார். "அவதான்" என்றார். "கடைசியா ஆஸ்பத்திரிக்குக் கிளம்பின அன்னைக்கு. டாக்சி வந்து நிக்குது, டயாலிசிஸுக்கு நேரமாச்சின்னு நான் சத்தம் போட்டேன். ரெண்டு நிமிசம் இருங்கன்னு இங்க வந்து நின்னா. என்ன செஞ்சான்னு நான் பாக்கல."

பானட்டைத் திறந்தேன். பேட்டரியின் கவ்வி ஒன்று கழற்றிவைக்கப்பட்டிருந்தது. யாரும் ஓட்டாமல் கிடந்தால் சார்ஜ் இறங்கிவிடுமே என்று நீங்கள் கழற்றியிருக்கிறீர்கள். குமிழைத் தொட்டுவிடாதபடி அதை ஒரு துணியில் சுற்றி, நூலால் கட்டியிருந்தீர்கள். உங்கள் பழைய நீலப்பூச் சேலைத் துணி. குமிழ் இரண்டிலும் வேஸ்லின். பேட்டரி மூடியின் நட்ட நடுவில், குமிழ்களிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி, மிளகு அளவில் ஒரே ஒரு சந்தனப் பொட்டு.

அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. இந்த முறை இரண்டையும் நானே செய்ய வேண்டியிருந்தது. திரும்பி வருவோமா என்று உங்களுக்கே தெரியாத அந்தக் காலையில், கார் செத்துவிடக் கூடாது என்று கவலைப்பட்டிருக்கிறீர்கள். போகிற அவசரத்திலும் என்னைக் கிண்டல் செய்ய மறக்கவில்லை.

பல்புக்கு வேலையே இல்லை. கவ்வியை மாட்டி இறுக்கினேன். அண்ணனை உள்ளே உட்கார்ந்து இழுக்கச் சொன்னேன். ஒரே இழுப்பு, அண்ணி. கார் ஓடியது. அண்ணன் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"எங்க போகணும்ணே?" என்று கேட்டேன்.

"எங்கயும் போக வேணாம்" என்றார். "அவ விட்டுட்டுப் போனது ஓடுதான்னு பாக்கணும்னு இருந்துச்சி."

ஓடுகிறது. அந்தச் சேலைத் துணியை மடித்துப் பிஸ்கட் டின்னில் பல்புக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். வாரம் ஒரு முறை வந்து காரை ஓட்டிப் பார்ப்பேன் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு வந்தேன். இனி யாராவது கடைசியாக இதில் கை வைத்தது யார் என்று கேட்டால், நான் என்று சொல்லிக்கொள்வேன். தைரியமாகவே சொல்வேன்.

உங்கள்
வசந்தா